வதைபடும் குழந்தைகளும் சட்ட மருத்துவமும்: ஒரு வரலாறு

ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டோ, சூடு வைக்கப்பட்டோ, பிடித்து உலுக்கப்பட்டோ காயமடையும்போது, அக்காயங்கள் எத்தகையவை, எவ்வளவு காலத்துக்கு முற்பட்டவை, எவ்வாறு உண்டாகியிருக்கக்கூடும் என்பதை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குக் கருத்துரைப்பது சட்ட மருத்துவத்தின் முக்கியமான பணிகளுள் ஒன்றாகும். இத்தகைய குழந்தைகளிடம் காணப்படும் அடையாளங்களின் தொகுதி 1962 முதல் 'பேட்டர்டு சைல்டு சிண்ட்ரோம்' என அழைக்கப்பட்டு வந்தது. தமிழில் இதனை 'வதைபட்ட குழந்தை நோய்க்குறித்தொகுப்பு' எனலாம்.

இந்தத் துறையின் வரலாறு 1860-ல் பாரிசில் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் மருத்துவ உலகின் பொது ஏற்பைப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் இத்தகைய காயங்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், அளந்தார்கள், கட்டுரையும் எழுதினார்கள். ஆனால் பெற்றவர்களே தம் குழந்தையை இவ்வாறு செய்திருப்பார்கள் என நம்ப மனம் வராமல், காயத்துக்கு வேறு காரணம் தேடினார்கள். காயத்தையும் அதற்குச் சொல்லப்படும் காரணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இத்துறையின் அடிப்படை. அந்த ஒப்பீட்டைத் துணிந்து செய்ய மருத்துவம் எடுத்துக்கொண்ட காலமே இதன் வரலாறு.

தார்தியூவின் ஆய்வு

அம்ப்ருவாஸ் தார்தியூ (1818–1879) பாரிசில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏராளமான உடற்கூறாய்வுகளைச் செய்தவர். 1860-ல் குழந்தைகள் மீது இழைக்கப்படும் கொடுமைகள் பற்றிய சட்ட மருத்துவ ஆய்வொன்றை அவர் வெளியிட்டார். அதில் 32 குழந்தைகளின் நிலையை விவரித்தார். அவர்களுள் 18 பேர் இறந்துபோனவர்கள். குற்றம் இழைத்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோரே என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

அப்போது எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படவில்லை. தார்தியூவிடம் இருந்தவை கண்பார்வையும் உடற்கூறாய்வுக் கத்தியும் மட்டுமே. அவற்றைக் கொண்டே உடலெங்கும் பரவிய பல நிறக் கன்றல்களையும், தீப்புண்களையும், எலும்பு முறிவுகளையும், மூளையின் மேற்பரப்பில் பரவிய இரத்தக் கசிவையும் அவர் பதிவு செய்தார். பெற்றோர் சொன்ன காரணங்கள் அந்தக் காயங்களுக்குப் பொருந்தவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். இன்றைய மருத்துவ மாணவர் ஒருவர் படிக்கும் அடையாளங்களில் பல அந்தக் கட்டுரையில் ஏற்கெனவே இருந்தன.

எனினும் மருத்துவ உலகம் அதைத் தொடர்ந்து எடுத்துச் செல்லவில்லை. அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்தில் தந்தைக்குக் குழந்தையின் மீது மிகப் பரந்த அதிகாரம் இருந்தது. கொடுமை செய்யும் பெற்றோரிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பறிக்க வழிசெய்யும் சட்டம் பிரான்சில் 1889-ல்தான் வந்தது. குழந்தைகள் மீதான வன்முறையைத் தனியாகத் தண்டிக்கும் சட்டம் 1898-ல் வந்தது. தார்தியூ அவற்றைக் காண உயிரோடு இல்லை.

நியூயார்க், 1874

கடலுக்கு அப்பால் நியூயார்க் நகரில் இச்சிக்கல் மருத்துவர் வழியாக அன்றி, ஒரு சமூகத் தொண்டர் வழியாக நீதிமன்றத்துக்கு வந்தது. எட்டா வீலர் என்ற கிறித்தவத் தொண்டர், மேரி எலன் என்ற சிறுமி வளர்ப்புத் தாயால் வதைக்கப்படுவதை அறிந்தார். பல இடங்களில் முறையிட்டும் பயனில்லாததால், அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்கை அணுகினார். பெர்கும் அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரியும் 1874 ஏப்ரலில் அச்சிறுமியை நீதிபதி முன் கொண்டுவரச் செய்தனர். உடலில் சாட்டையடித் தழும்புகளும் முகத்தில் கத்தரிக்கோலால் உண்டான வெட்டும் இருந்தன. வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

விலங்குகளுக்கான சட்டத்தைக் கொண்டே அந்தக் குழந்தை மீட்கப்பட்டாள் என்று பலரும் எழுதுவதுண்டு. இது சரியன்று. ஆளைக் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு முறையின் கீழேயே வழக்கு நடந்தது. ஆனால் விலங்குகளுக்கென ஒரு சங்கம் இருந்த நகரில் குழந்தைகளுக்கென எந்த அமைப்பும் இல்லை என்ற உண்மை மக்களை உறுத்தியது. அதன் விளைவாக நியூயார்க் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் உருவானது. மேரி எலன் வீலரின் குடும்பத்தாரிடம் வளர்ந்து, மணம் புரிந்து, 92 வயது வரை வாழ்ந்து 1956-ல் மறைந்தார்.

இவ்வழக்கில் காயங்கள் வெளிப்படையாகத் தெரிந்தன, பேசும் வயதில் இருந்த சிறுமியும் தானே சாட்சி சொன்னாள். பேசத் தெரியாத கைக்குழந்தையின் உள்ளே மறைந்திருக்கும் காயத்துக்கு யார் சாட்சி என்ற கேள்வி அப்படியே நின்றது.

நோய் எனக் கருதப்பட்ட காயங்கள்

1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வெஸ்ட், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல கைக்குழந்தைகளுக்கு எலும்பின் மேலுறையில் திடீர் வீக்கங்கள் ஏற்பட்டதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோயே காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய முடிவு. அந்நாளில் லண்டன் ஏழைக் குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் பரவலாக இருந்ததால் அந்த எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்ந்ததைப் பிற்கால மருத்துவர்கள் படித்தபோது அவர்களுக்குத் தோன்றியது வேறு. ரிக்கெட்ஸ், ஸ்கர்வி, பிறவிச் சிபிலிஸ் போன்ற நோய்கள் எலும்பைப் பாதிப்பது உண்மை. அந்த உண்மையே நெடுங்காலம் வசதியான விளக்கமாகவும் இருந்தது.

எக்ஸ்-கதிர் காட்டியவை

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். உயிருள்ள குழந்தையின் எலும்பைத் தோலைக் கீறாமல் பார்க்கும் வழி பிறந்தது. இருந்தும் மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

நியூயார்க் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் கேஃபி, குழந்தைகளுக்கான எக்ஸ்-கதிர் மருத்துவத்தின் முன்னோடி. மூளையின் மேலுறைக்குக் கீழே நாட்பட்ட இரத்தக்கட்டு இருந்த ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி 1946-ல் அவர் எழுதினார். அந்த ஆறு பேரின் கை, கால் நீள எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள் காணப்பட்டன. எலும்பு முறியும்படியான விபத்து எதுவும் நடந்ததாகப் பெற்றோர் சொல்லவில்லை. எலும்பைத் தானாக முறியச் செய்யும் நோயின் அறிகுறியும் படங்களில் இல்லை. ஒரு குழந்தையைப் பெற்றோர் இருவருமே விரும்பவில்லை என்பதால் வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்கலாமோ என்ற ஐயத்தை எழுப்பிய கேஃபி, நிறுவப் போதிய சான்றில்லை எனக் கூறி நிறுத்திக்கொண்டார். காயம் என்பதை உறுதிப்படுத்திய அவர், காயப்படுத்தியது யார் என்ற வாசலில் நின்றுவிட்டார்.

கேஃபியிடம் பயின்ற ஃபிரடெரிக் சில்வர்மேன் 1953-ல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். இவை அடையாளம் காணப்படாமல் போன காயங்களே என்றும், பெற்றோரிடம் பொறுமையாகத் துருவிக் கேட்டால் காரணம் வெளிப்படும் என்றும் எழுதினார். 1955-ல் டெட்ராய்ட் நகர மருத்துவர்களான பால் வூலியும் வில்லியம் எவன்ஸும் வீட்டுச் சூழலையும் சேர்த்து ஆராய்ந்தனர். அந்தச் சூழலிலிருந்து குழந்தையை அகற்றியதும் புதிய முறிவுகள் உண்டாகவில்லை. எலும்பில் நோய் இருந்தால் இடம் மாறினாலும் தொடர்ந்து முறிந்திருக்க வேண்டும். அந்த ஓர் உண்மையே நோய் என்ற விளக்கத்தை வலுவிழக்கச் செய்தது.

கெம்பேயின் 1962 கட்டுரை

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி கெம்பே (1922–1984) டென்வர் நகரில், கொலராடோ பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைத் தலைவராக இருந்தார். தம் மருத்துவமனைக்கு வந்த காயமடைந்த குழந்தைகளுக்குப் பயிற்சி மருத்துவர்கள் பொருந்தாத நோய்ப் பெயர்களை எழுதுவதைக் கண்டு அவர் கவலை கொண்டார். 1961-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கூட்டத்தில் இதைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக, 1962 ஜூலை 7 அன்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கெம்பே, சில்வர்மேன், உளமருத்துவர் பிராண்ட் ஸ்டீல், வில்லியம் டிரோகமுல்லர், ஹென்றி சில்வர் ஆகிய ஐவரின் கட்டுரை வெளிவந்தது.

அதற்காக நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றும் நடத்தப்பட்டிருந்தது. 71 மருத்துவமனைகள் ஓராண்டில் 302 குழந்தைகளைக் கண்டதாகத் தெரிவித்தன. அவர்களுள் 33 பேர் இறந்தனர், 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. அரசு வழக்கறிஞர்கள் 77 பேர் தந்த தனிக் கணக்கில் 447 குழந்தைகள் இருந்தனர். அவர்களுள் இறந்தவர்கள் 45 பேர்.

கட்டுரை சொன்ன அடையாளங்கள் எளியவை. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை. ஊட்டக்குறைவும் பராமரிப்பின்மையும் தெரியும் உடல். வெவ்வேறு நிலைகளில் ஆறிவரும் பல முறிவுகள். மூளை உறைக்கடியில் இரத்தக்கட்டு. சொல்லப்படும் காரணத்துக்கும் காணப்படும் காயத்துக்கும் இடையே பெரிய இடைவெளி. மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் புதிய காயம் எதுவும் தோன்றாமை. குழந்தையைப் பாதுகாப்பற்ற வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் இருப்பது மருத்துவரின் கடமை என்பதையும் கட்டுரை வலியுறுத்தியது. தார்தியூ 102 ஆண்டுகளுக்கு முன் எழுதியவற்றில் பெரும்பகுதி இதில் மீண்டும் வந்தது. இம்முறை அதற்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் கிடைத்ததும் செய்தித்தாள்களும் சட்டமன்றங்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கின.

சட்டங்களும் தீர்ப்புகளும்

ஐயத்துக்குரிய காயத்தை மருத்துவர் அரசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் மாதிரிச் சட்டத்தை அமெரிக்கக் குழந்தைகள் நலத் துறை 1963-ல் வெளியிட்டது. 1967-க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. ஒரு மருத்துவக் கட்டுரைக்குப் பின் ஐந்தே ஆண்டுகளில் நாடு முழுவதும் சட்டம் மாறியது அரிய நிகழ்ச்சி. 1974-ல் மத்திய அளவிலான குழந்தை வதைத் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. பிரிட்டனில், சமூகநலத் துறையின் கண்காணிப்பில் இருந்த மேரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி 1973-ல் வளர்ப்புத் தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டதும், அதைப் பற்றிய விசாரணை அறிக்கையும் குழந்தைப் பாதுகாப்பு முறையை மாற்றியமைத்தன.

நீதிமன்றங்களும் படிப்படியாக இந்த மருத்துவக் கருத்தை ஏற்றன. 1971-ல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கத்தக்க மருத்துவ முடிவு என்றது. 1976-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், காயங்களின் அடையாளத்தைக் கண்டுகொள்ளாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடரலாம் எனத் தீர்ப்பளித்தது. அதுவரை பெற்றோரைச் சந்தேகிப்பதற்கு அஞ்சிய மருத்துவர், இனிச் சந்தேகிக்கத் தவறுவதற்கும் அஞ்ச வேண்டியதாயிற்று.

1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சான்றின் பொருளை வரையறுத்தது. ஆறு மாதக் குழந்தை ஒன்றின் இறப்பு வழக்கில், ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முற்பட்ட, பாதி ஆறிய விலா எலும்பு முறிவுகளும் காணப்பட்டன. பழைய காயங்களை உண்டாக்கியவர் யார் என்று நிறுவப்படாவிட்டாலும், குழந்தையின் இறப்பு விபத்தன்று என்பதைக் காட்ட அவற்றைச் சான்றாகக் கொள்ளலாம் என நீதிமன்றம் கூறியது. இதில் ஒரு நுட்பமான எல்லை உள்ளது. காயம் எவ்வாறு வந்தது என்பதை மருத்துவச் சான்று சொல்லும். யார் செய்தார் என்பதைப் பிற சான்றுகளே சொல்ல வேண்டும்.

மதிப்பீடு செய்யப்படும் முறை

இன்று ஐயத்துக்குரிய குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் கேட்பது, என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் உடனிருந்தார், மருத்துவமனைக்கு வர ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்பவையே. சொல்லப்பட்டது சொல்லப்பட்டபடியே எழுதப்படுகிறது. பேசக்கூடிய குழந்தையிடம் தனியாகவும், விடையை வாயில் திணிக்காமலும் கேட்கப்படுகிறது. தலை முதல் கால் வரை, காதின் பின்புறமும் வாயின் உட்புறமும் உட்பட, உடல் முழுவதும் பார்க்கப்பட்டு ஒவ்வொரு காயமும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கப்படுகிறது.

காயம் இருக்கும் இடமும் குழந்தையின் வயதும் மிக முக்கியம். ஓடியாடும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது இயல்பு. தவழாத குழந்தைக்கு அடிபட வழியில்லை. அமெரிக்காவில் 973 குழந்தைகளை ஆராய்ந்து 1999-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடமே கன்றல் காணப்பட்டது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடற்பகுதி, காது, கழுத்து ஆகியவற்றில் உள்ள கன்றலும், நான்கு மாதம் நிறையாத குழந்தையின் எந்த இடத்துக் கன்றலும் எச்சரிக்கைக் குறிகளாகக் கொள்ளப்படுகின்றன.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எலும்புகள் அனைத்தும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படுகின்றன. புதிய விலா முறிவு படத்தில் எளிதில் தெரியாது. ஆறத் தொடங்கிப் புது எலும்பு படியும்போதே தெரியும். ஆகவே ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் படம் எடுக்கப்படுகிறது. முதுகெலும்பை ஒட்டிய விலா முறிவுகள் மார்பை இரு கைகளால் இறுக்கிப் பிடித்து அழுத்தும்போது உண்டாகின்றன. நீள எலும்புகளின் முனைகளில் காணப்படும் நுண்ணிய முறிவுகளின் இயல்பை 1986-ல் பால் கிளைன்மேன் திசு ஆய்வின் வழி விளக்கினார். தேவைக்கேற்பத் தலையின் சி.டி. ஸ்கேனும் விழித்திரைப் பரிசோதனையும் செய்யப்படுகின்றன.

இதற்கு இணையான முக்கியத்துவம் வேறு காரணங்களை விலக்குவதற்கும் உண்டு. இரத்தம் உறைவதில் குறை இருந்தால் சிறு அடிக்கும் பெரிய கன்றல் வரும். பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய் உள்ள குழந்தைக்குத் துணி மாற்றும்போதுகூட எலும்பு முறியலாம். ஆசியக் குழந்தைகளின் முதுகிலும் இடுப்பிலும் பிறப்பிலேயே காணப்படும் நீலச் சாம்பல் நிறத் திட்டுகள் கன்றல் போலவே தோன்றும். கன்றலின் நிறத்தைக் கொண்டு அதன் வயதைச் சொல்லலாம் எனப் பாடநூல்கள் ஒருகாலத்தில் கற்பித்தன. நிறத்தை நம்பி நாள் குறிக்க முடியாது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

மிகை உறுதியின் ஆபத்து

1971-ல் பிரிட்டிஷ் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச், வெளிக்காயம் இல்லாத குழந்தைகளின் மூளை இரத்தக்கட்டுக்கு அவர்களைப் பிடித்து உலுக்கியது காரணமாகலாம் என எழுதினார். கேஃபியும் 1972, 1974 ஆண்டுகளில் இக்கருத்தை விரித்துரைத்தார். நாளடைவில் மூளை உறைக்கடி இரத்தக்கசிவு, விழித்திரை இரத்தக்கசிவு, மூளைப் பாதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தாலே உலுக்கல் நிறுவப்பட்டதாகச் சிலர் கொள்ளத் தொடங்கினர்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2009-ல் 'உலுக்கப்பட்ட குழந்தை' என்ற பெயருக்கு மாற்றாக, உலுக்கலை மட்டும் சுட்டாத பொதுப்பெயரைப் பரிந்துரைத்தது. தம் கருத்து இவ்வளவு இறுக்கமாக நீதிமன்றங்களில் பயன்படுத்தப்படுவது குறித்து முதுமையில் கத்கெல்ச் தாமே கவலை தெரிவித்தார். இந்த மூன்று அடையாளங்களை மட்டும் கொண்டு உலுக்கலை உறுதிசெய்வதற்கான அறிவியல் ஆதாரம் குறைவு என்று 2016-ல் சுவீடன் அரசின் மருத்துவ மதிப்பீட்டு முகமை கூறியது. அம்முடிவைப் பல குழந்தை மருத்துவ அமைப்புகள் மறுத்தன. விவாதம் இன்றும் தொடர்கிறது.

இதில் ஒரு தரப்பின் பிழை குழந்தையின் உயிரையும் மறு தரப்பின் பிழை குற்றமற்ற பெற்றோரின் வாழ்வையும் பறிக்கும். பிரிட்டனில் தம் இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999-ல் தண்டிக்கப்பட்ட சாலி கிளார்க் என்ற தாய் 2003-ல் விடுவிக்கப்பட்டார். இரு இறப்பும் இயற்கையாக நேர வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று குழந்தை மருத்துவ வல்லுநர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். அக்கணக்கு முறையே தவறு என அரச புள்ளியியல் கழகம் பின்னர் அறிவித்தது. சிறையிலிருந்து வந்த நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. மூவரில் இருவர் உடல் ரீதியான கொடுமைக்கு உள்ளானதாக அது கூறியது. பள்ளிகளில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்குவதையும் கொடுமைப்படுத்துவதையும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு தண்டிக்கிறது. இலங்கையில் குழந்தைகளுக்குக் கொடுமை இழைப்பது 1995-ல் தண்டனைச் சட்டக் கோவையில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அங்கு இத்தகைய பரிசோதனைகளைச் சட்ட மருத்துவ அதிகாரிகள் மேற்கொள்கின்றனர்.

தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் காயத்தோடு வரும் குழந்தையைப் பற்றிய முதல் எழுத்து விபத்துப் பதிவேட்டில் விழுகிறது. அழைத்து வந்தவர் யார், என்ன நடந்ததாகச் சொன்னார், காயம் எங்கே, எத்தனை செ.மீ. என்ற அந்தச் சில வரிகளே பின்னாளில் நீதிமன்றத்தில் படிக்கப்படுகின்றன. உள்ளூர் வழக்கங்களை அறிந்திருப்பதும் இங்கே தேவையாகிறது. வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் மருந்தாகக் குழந்தையின் உடலில் சூடு போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தண்டனையாகச் சூடு வைப்பதும் உண்டு. இரண்டும் குழந்தைக்குத் தீங்கே எனினும், நோக்கம் வேறு, சட்டத்தின் பார்வையும் வேறு. தழும்பின் இடம், வடிவம், எண்ணிக்கை, வயது ஆகியவற்றோடு குடும்பத்தாரின் கூற்றையும் வைத்துப் பார்த்தே மருத்துவர் கருத்துரைக்க வேண்டும். ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்காக இந்தியாவில் 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இயங்குகிறது.

முக்கியத்துவம்

கெம்பேயின் கட்டுரைக்குப் பின் கருவிகள் பெருகியுள்ளன. சொல்லப்படும் காரணம் இந்தக் காயத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி மட்டும் 1860-ல் இருந்ததே இன்றும் இருக்கிறது. அதைக் கேட்கத் தயங்கிய காலத்தில் குழந்தைகள் அதே வீட்டுக்குத் திரும்பி அனுப்பப்பட்டார்கள். சான்று சொல்வதற்கு மேல் விடை சொன்ன காலத்தில் குற்றமற்றவர்கள் சிறை சென்றார்கள். கண்டதைக் குறைக்காமலும் கூட்டாமலும் எழுதும் மருத்துவக் குறிப்பே பேச முடியாத குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பாகும்.